மலையேற்றப் பையை எடை போட எந்தத் தராசு வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரே வரியில் பதில் வேண்டும். எதை வாங்குவது?

1 கிராம் வரை காட்டுகிற, 5 கிலோ தாங்குகிற டிஜிட்டல் கிச்சன் ஸ்கேல். சில நூறு ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கிறது. முழுப் பையையும் ஒரே தூக்கில் எடை பார்க்க வேண்டுமென்றால் கொக்கி வைத்த லக்கேஜ் ஸ்கேல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் கிச்சன் ஸ்கேலை வாங்குங்கள்.

பையை மொத்தமாக எடை பார்த்தால் போதாதா? ஒவ்வொரு பொருளாக எதற்கு?

பை 13 கிலோ என்று தெரிந்துவிட்டது. சரி, எதை எடுத்து வெளியே வைப்பீர்கள்? மொத்த எடையை வைத்து அதைச் சொல்ல முடியாது. கண்ணை நம்பினாலும் ஏமாந்துபோவோம். ஸ்லீப்பிங் பேக் பெரிதாகத் தெரியும், ஆனால் அது அடைப்பது இடத்தைத்தான். எடை ஒளிந்திருப்பது சின்னச் சின்னப் பொருள்களில்: முழு டியூப் சன்ஸ்கிரீன், இரண்டாவது பவர் பேங்க், சார்ஜரும் ஒயர்களும், பூட்டு, எவர்சில்வர் டப்பா, "எதற்கும் இருக்கட்டும்" என்று திணித்த இன்னொரு பேன்ட். ஒரு ஜீன்ஸ் பேன்ட் தனியாகவே அரைக் கிலோவைத் தாண்டும். கெட்டியான டர்க்கி டவலை எடை போட்டுவிட்டு, வீட்டில் இருக்கிற ஈரிழைத் துண்டையும் போட்டுப் பாருங்கள். எதை எடுத்துப் போவது என்ற கேள்வியே எழாது. துண்டு சீக்கிரம் காய்ந்தும்விடும்.

எடை குறைக்க வேண்டும் என்றதும் பலர் புது டென்ட், புதுப் பை என்று செலவு செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் இருக்கிற பொருள்களை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து எடை போட்டு எழுதிப் பாருங்கள். கைக்காசு செலவாகாமலே ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைய நல்ல வாய்ப்பு உண்டு. மலையேற்றத்துக்காக வாங்கும் பொருள்களில் செலவுக்கு இவ்வளவு பலன் தருவது தராசைப் போல வேறு இல்லை என்றே நம்புகிறேன்.

1 கிராம் துல்லியம் போதுமா? 0.1 கிராம் காட்டும் தராசு இன்னும் நல்லதில்லையா?

வேண்டாம். நகை எடை போடுகிற மாதிரியான பாக்கெட் தராசுகள் 200 அல்லது 500 கிராமுக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. ஒரு ஜாக்கெட்டைக்கூட வைக்க முடியாத தராசால் நமக்கு என்ன பயன்? அதோடு துணி, பஞ்சு, கம்பளி எல்லாம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தாமாகவே எடை கூடிக் குறையும். மழைக்காலத்தில் சென்னையில் எடை போட்ட கம்பளிச் சட்டை கோடையில் அதே எண்ணைக் காட்டாது. பொருளே கிராம் கணக்கில் மாறும்போது அதைப் பத்தில் ஒரு கிராம் வரை அளந்து எழுதுவதில் அர்த்தமில்லை. போதாக்குறைக்கு மின்விசிறிக் காற்றுக்கே அந்தத் தராசில் எண் ஆடும்.

5 கிராம், 10 கிராம் படியில் தாவும் தராசும் வேண்டாம். டென்ட் அடிக்கும் அலுமினிய ஆணி ஒன்று 10 முதல் 15 கிராம்தான் இருக்கும். கயிறு, தீப்பெட்டி, மாத்திரை அட்டை எல்லாம் இந்த அளவுதான். இவை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரின் எடைக்கு வந்து நிற்கும்.

1 கிராம் காட்டுகிறது என்றால் 1 கிராம் வரை சரியாக இருக்கும் என்று அர்த்தமா?

இல்லை, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். திரையில் எண் எத்தனை கிராம் படியில் மாறுகிறது என்பது ஒரு விஷயம். அந்த எண் உண்மையான எடைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

டிஜிட்டல் தராசுக்குள் லோட் செல் என்ற சின்ன உலோகக் கட்டை இருக்கிறது. எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய மின்தடைப் பட்டைகள் அந்த வளைவில் நீண்டோ சுருங்கியோ மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் உள்ளிருக்கும் சிப் கிராமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. வெப்பம் மாறினாலும், அதிக எடை வைத்து அழுத்தினாலும், வயதானாலும் அந்தக் கணக்கு கொஞ்சம் நகரும்.

நமக்கு அது பெரிய குறையில்லை. 1000 கிராமை 1003 என்று காட்டும் தராசு பெரும்பாலும் அதே விகிதத்தில்தான் கூட்டிக் காட்டும். 8 கிலோ பையில் அது 24 கிராம் வித்தியாசம். இந்த ஜாக்கெட்டா அந்த ஜாக்கெட்டா என்று ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே பிழை என்பதால் முடிவு மாறப்போவதில்லை. கவலைப்பட வேண்டியது ஒரே பொருளை ஐந்து தடவை எடுத்து எடுத்து வைக்கும்போது 412, 405, 418 என்று தாவுகிற தராசைப் பற்றித்தான். அப்படி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைகளில் முத்திரை வைத்த தராசு இருக்கிறதே, அது வேண்டுமா?

தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விற்பனைக்குப் பயன்படும் தராசுகளைத்தான் அவ்வப்போது சரிபார்த்து முத்திரையிட வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம்.

வாங்கிய தராசு சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி. எடைக்கல் எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு.

முதலில் நாணயம். 2011இல் வந்த 10 ரூபாய் நாணயம் 7.71 கிராம், 2019இல் வந்தது 7.74 கிராம். எந்த வரிசையாக இருந்தாலும் பத்து நாணயங்களைச் சேர்த்து வைத்தால் 77 கிராம் வர வேண்டும். ஒன்றிரண்டு கிராம் விலகினால் விட்டுவிடலாம். 5 ரூபாய் நாணயத்தில் இதைச் செய்யாதீர்கள். 2011 வரிசை 6 கிராம், 2019 வரிசை 6.74 கிராம் என்று நன்றாகவே வித்தியாசப்படும், கலந்து வைத்தால் குழப்பம்தான்.

அடுத்தது கூட்டல் சோதனை. ஏறக்குறைய ஒரு கிலோ வரும் பொருள் ஒன்று, இரண்டு கிலோ வரும் பொருள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எடை போட்டு எழுதி, பிறகு இரண்டையும் சேர்த்து வையுங்கள். கூட்டுத்தொகையும் தராசு காட்டுவதும் ஒத்துப்போனால் சிறிய எடையிலும் பெரிய எடையிலும் அது ஒரே மாதிரி நடந்துகொள்கிறது என்று பொருள். எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான்.

அப்புறம் மூலைச் சோதனை. ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். மலிவான தராசுகளில் ஓரத்தில் சில கிராம் மாறும். மாறினால், எப்போதும் நடுவில் வைப்பது என்று வைத்துக்கொண்டால் போதும்.

தண்ணீரை வைத்துச் சரிபார்க்கலாம் என்று சொல்வார்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ என்பது நம் ஊர் வெப்பத்துக்குக்கூட ஏறக்குறைய சரி: 30 டிகிரியில் 996 கிராம் வரும். சிக்கல் அளக்கும் பாத்திரத்தில்தான். பிளாஸ்டிக் ஜாடியின் கோடுகள் அவ்வளவு துல்லியமில்லை. கடையில் வாங்கும் 1 லிட்டர் பாட்டிலிலும் 15 மில்லி வரை கூடக் குறைய இருக்க விதி இடம் கொடுக்கிறது. தெரிந்த மளிகைக் கடையில் முத்திரையிட்ட எடைக்கல் இருந்தால் உங்கள் தராசை அங்கே எடுத்துப்போய் ஒருமுறை வைத்துப் பார்ப்பது அதைவிட நல்லது.

5 கிலோவா, 10 கிலோவா?

நாம் சுமப்பவற்றில் பெரியவை காலிப் பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக். இவற்றில் எதுவும் தனியாக 5 கிலோவைத் தொடாது. ஆகவே 5 கிலோ தாராளம். இணையத்தில் எங்கும் காணும் எஸ்.எஃப்.400 வகைத் தராசில் 10 கிலோ என்று போட்டிருப்பார்கள். அதுவும் 1 கிராம் காட்டும், விலையும் குறைவு, வாங்கலாம். ஆனால் 10 கிலோ தாங்கும் என்பதற்காக முழுப் பையை அதன் மேல் ஏற்றி நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். தட்டு சிறியது, பை சாயும், திரையும் மறைந்துபோகும்.

ஸ்லீப்பிங் பேக்கை வைத்தால் திரையே தெரிவதில்லை. என்ன செய்வது?

ஒரு குண்டானையோ பெரிய கிண்ணத்தையோ தராசின் மேல் கவிழ்த்து வையுங்கள். டேர் பொத்தானை அழுத்திச் சுழியம் ஆக்குங்கள். அதன் மேல் பொருளை வைத்தால் திரை கீழே தெளிவாகத் தெரியும். டேர் செய்த கிண்ணத்தின் எடையும் தராசின் மொத்தக் கொள்ளளவில் கழியும் என்பதை மறக்க வேண்டாம்: 5 கிலோ தராசில் 800 கிராம் குண்டான் வைத்தால் மிச்சம் 4.2 கிலோதான். பொருளின் எந்த நுனியும் மேசையைத் தொடக்கூடாது. பையின் ஒரு பட்டை கீழே தொங்கி மேசையில் பட்டாலே எடை குறைத்துக் காட்டும்.

திரையை முன்னால் இழுக்க முடிகிற மாதிரியான தராசுகளும் உண்டு, விலை பல மடங்கு. கவிழ்த்த குண்டானே போதும்.

லக்கேஜ் ஸ்கேலில் என்ன பார்க்க வேண்டும்?

50 கிலோ, 10 கிராம் படி என்பதுதான் பரவலாகக் கிடைப்பது, அது போதும். எண் நிலைத்ததும் "பீப்" அடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா பாருங்கள். கையில் தூக்கினால் கை நடுங்கும், எண் ஓடும். வீட்டில் ஊஞ்சல் கொக்கியோ, கனமான கம்பியோ, மொட்டை மாடியில் உறுதியான குழாயோ இருந்தால் அதில் தராசைத் தொங்கவிட்டு, பையின் உச்சியில் இருக்கும் கைப்பிடி வளையத்தைக் கொக்கியில் மாட்டுங்கள். பையின் தோள்வாரைக் கொக்கியில் மாட்டினால் பை திரும்பித் திரும்பி ஆடும்.

இந்தத் தராசில் சின்னப் பொருளை எடை போட வேண்டாம். கொள்ளளவின் அடிமட்டத்தில் இது நம்பத்தக்கதாக இருக்காது.

தராசே வாங்காமல் சமாளிக்க முடியாதா? வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது.

மொத்த எடைக்கு அது உதவும். பையை மாட்டிக்கொண்டு ஒருமுறை, மாட்டாமல் ஒருமுறை நின்று, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 100 கிராம் படியில் காட்டும் மெஷினில் இரண்டு அளவிலும் பிழை சேரும் என்பதால் விடையை 200 கிராம் முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். மிதியடி மேல் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். தெருவில் வரும் பழைய பேப்பர்காரரிடம் கேட்டால் அவருடைய கொக்கித் தராசில் பையை மாட்டிப் பார்க்க விடுவார், அதுவும் ஒரு வழி.

பொருள் பொருளாகப் பார்க்க இவை எதுவும் உதவாது.

மலை மேலே போனால் தராசு தப்பாகக் காட்டுமா?

லோட் செல்லும் சுருள்வில் தராசும் அளப்பது புவியீர்ப்பு இழுக்கும் விசையை. உயரம் கூடினால் அந்த விசை குறையும், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.03 சதவீதம். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் உங்கள் 10 கிலோ பை கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 10 கிராம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையிலான வித்தியாசம்கூட அரைச் சதவீதம்தான். இரண்டு தட்டுத் தராசில் இந்தப் பேச்சே கிடையாது. அது பொருளையும் படிக்கல்லையும் ஒப்பிடுவதால் உலகில் எங்கே வைத்தாலும் ஒரே விடைதான். நடைமுறையில் உயரத்தைவிடக் குளிர் மோசம். உறைபனியில் பேட்டரி சோர்ந்துபோய் எண் தடுமாறும்.

கம்பெனியே எடையைப் போட்டிருக்கிறதே, அதை எழுதிக்கொண்டால் போதாதா?

அந்த எண்ணுக்குள் எதெல்லாம் அடக்கம் என்று பார்க்க வேண்டும். டென்ட்டுகளுக்கு இரண்டு எடை கொடுப்பார்கள்: துணியும் கம்பியும் மட்டும் சேர்ந்த குறைந்தபட்ச எடை, ஆணி, கயிறு, உறை எல்லாம் சேர்ந்த முழு எடை. விளம்பரத்தில் பெரிதாக வருவது முதலாவதுதான். ஷூவுக்கு ஒற்றைக் காலின் எடையா, ஜோடியின் எடையா என்று பார்க்க வேண்டும். ஜாக்கெட்டின் எடை ஏதாவது ஒரு சைஸுக்கு உரியது, உங்கள் சைஸ் வேறாக இருக்கலாம். நீங்கள் எடுத்துப் போகிற வடிவத்திலேயே, உறையோடும் கயிற்றோடும், நீங்களே எடை போட்ட எண்ணைத்தான் பட்டியலில் எழுத வேண்டும்.

டென்ட் இருந்தால் காய்ந்த நிலையில் ஒருமுறை, பக்கெட்டில் நனைத்து நன்றாக உதறிவிட்டு ஒருமுறை எடை போடுங்கள். மழை பெய்த மறுநாள் காலை நீங்கள் உண்மையில் சுமக்கப் போவது இரண்டாவது எண்ணைத்தான்.

பட்டியலை எப்படிப் பிரிப்பது? "பேஸ் வெயிட்" என்கிறார்களே?

சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் ஆகிய தீர்ந்துபோகிற மூன்றையும், உடம்பில் போட்டிருப்பதையும் கழித்தால் பையில் மிஞ்சுவது பேஸ் வெயிட். அமெரிக்க நெடுந்தூர நடையாளர்களிடம் இது 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள் இருந்தால் அல்ட்ராலைட், 20 பவுண்டுக்குள் இருந்தால் லைட்வெயிட் என்று ஒரு கணக்கு உண்டு. இமயமலைக் குளிருக்குப் போகிறவர்கள் அந்த முதல் எண்ணைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. கதகதப்பான உடையையும் மழைக்கோட்டையும் முதலுதவிப் பொருள்களையும் கிராம் கணக்குக்காக விட்டுவிட்டுப் போவது ஆபத்து.

எடை குறைப்பது தராசும் பணமும் இருப்பவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் எம்மா கேட்வுட்டைத் தெரிந்துகொள்ளலாம். 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை முழுக்கத் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேலான பாதை அது. டென்ட்டும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. தானே தைத்த துணிப்பை, ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை. எது தேவை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு இல்லாத நமக்கு அதைச் சம்பாதித்துக் கொடுக்கத் தராசு உதவுகிறது.

சாப்பாட்டுக்கும் கேஸுக்கும் தராசு உதவுமா?

கேஸுக்கு மிக நன்றாக உதவும். 230 கிராம் கேஸ் உள்ள கேனிஸ்டர் (மலையேற்ற அடுப்பில் மாட்டும் சின்ன சிலிண்டர்) ஒன்றின் காலிக் கூடு சுமார் 150 கிராம் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதனால் புதிதாக வாங்கியதுமே எடை போட்டு அந்த எண்ணைக் கேனிஸ்டர் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். பயணம் முடிந்து மறுபடி எடை போட்டால் எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம் என்று உடனே தெரியும். குலுக்கிப் பார்த்து ஊகிக்கத் தேவையில்லை. காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 10 முதல் 15 கிராம் கேஸ் ஆகும். உங்கள் அடுப்புக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். விமானத்தில் கேனிஸ்டர் கொண்டுபோக முடியாது என்பதால் போய்ச் சேரும் ஊரில் வாங்குவீர்கள். அங்கே பாதி தீர்ந்ததை மலிவாகக் கொடுத்தால் எடை பார்த்து வாங்க லக்கேஜ் ஸ்கேல் போதாது, பக்கத்து மளிகைக் கடைத் தராசைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் எடையோடு கலோரியையும் சேர்த்துப் பாருங்கள். நெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, வேர்க்கடலை 5க்கும் 6க்கும் இடையில், அவலும் அரிசியும் மூன்றரை. ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக எடை போட்டு, சின்னக் கவரில் கட்டி வைத்தால் அளவுக்கு மீறித் தூக்கிப் போவது தானாக நின்றுவிடும்.

எண் சில சமயம் விநோதமாக வருகிறது. தராசு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் அலகு மாறியிருக்கும். கிச்சன் ஸ்கேலில் கிராம், அவுன்ஸ், மில்லி என்று மாற்றும் பொத்தான் இருக்கும், தெரியாமல் அழுத்திவிடுவோம். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். வேறொன்றும் உண்டு: சர்க்கரை, டீத்தூள் மாதிரி ஒன்றை மிக மெதுவாகத் தூவினால் எண் நகராமலே நிற்கும். சின்ன மாற்றங்களைத் தூசி என்று எண்ணிச் சுழியத்திலேயே பிடித்து வைக்கும் ஏற்பாடு அது. எடுத்துவிட்டு மொத்தமாக வையுங்கள். பிறகு, ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துபோகும் தராசுகளில் டேர் கணக்கும் போய்விடும். ஒவ்வொன்றையும் எடை போட்டவுடனே எழுதிவிடுவதுதான் வழி.

பட்டன் பேட்டரியில் ஓடுவதைவிட ஏஏஏ பேட்டரியில் ஓடும் தராசு நல்லது, எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்றுப் பேட்டரி கிடைக்கும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். தராசின் மேல் எதையும் அடுக்கவும் கூடாது.

தமிழ்நாட்டுக்குள் ஒரு நாள் ட்ரெக்கிங் மட்டும்தான் போகிறேன். எனக்கும் வேண்டுமா?

அவசியமில்லை. வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் போகிறவர்களுக்கு டென்ட் பாரம் கிடையாது. பையில் பெரிய எடை தண்ணீர்தான், மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. அதைக் குறைக்கவும் கூடாது.

பையைக் குதிரையிலோ போர்ட்டரிடமோ கொடுக்கப் போகிறேன். அப்போது எடை பார்ப்பது யாருக்காக?

சுமக்கிறவருக்காக. இங்கே லக்கேஜ் ஸ்கேலைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையில் ஒரு போர்ட்டர் 20 கிலோ வரைதான் சுமக்கலாம் என்று வரம்பு உண்டு, பூங்கா வாசலிலேயே தராசு வைத்து எடை பார்த்து அனுப்புகிறார்கள். இமயமலைப் பாதைகளில் எல்லா இடத்திலும் அப்படி வாசலும் இல்லை, தராசும் இல்லை. பயண ஏற்பாட்டாளர் ஒரு பைக்கு இத்தனை கிலோ என்று சொல்லியிருப்பார். "கொஞ்சம்தான் கூட" என்று நான்கு பேர் நினைத்தால் அந்தக் கொஞ்சம் எல்லாம் ஒரே முதுகில் போய்ச் சேரும். பேஸ் கேம்ப்பில் பையை ஒப்படைக்கும் முன் சுமக்கிறவர் கண்ணெதிரே மாட்டி எடையைக் காட்டுங்கள். கூடுதலாக இருந்தால் அங்கேயே திறந்து எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு கிராம் சொச்சம் இருக்கும் அந்த லக்கேஜ் ஸ்கேல் விமான நிலையத்திலும் வேலைக்கு வரும். உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 15 கிலோ, நேபாளத்தில் எவரெஸ்ட் பாதை தொடங்கும் லுக்லாவுக்குப் போகிற சின்ன விமானத்தில் கைப்பையும் சேர்த்தே 15 கிலோ. கிச்சன் ஸ்கேல் வீட்டிலேயே இருக்கட்டும்.